மெஹ்தாப் பாக்: யமுனைக்கு அக்கரையில் ஒரு மாலை

ஆக்ரா போனால் தாஜ்மகால், கோட்டை இரண்டையும் பார்த்துவிட்டு உடனே ரயில் ஏறிவிடாதீர்கள். யமுனைக்கு அக்கரையில், தாஜுக்கு நேர் எதிரே இருக்கும் மெஹ்தாப் பாக் தோட்டத்துக்கு ஒரு மாலையை ஒதுக்குங்கள். வெள்ளிக்கிழமை தாஜ் மூடியிருக்கும், இது திறந்திருக்கும். அன்றைக்கு ஊரில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஆட்டோவைப் போகவர சேர்த்தே பேசிவிடுங்கள். பாலம் தாண்டியதும் முதலில் இதிமாத்-உத்-தௌலா. நூர்ஜஹான் தன் பெற்றோருக்காகக் கட்டிய கல்லறை, 1628-ல் முடிந்தது, இதுவும் ஆற்றங்கரைத் தோட்டம்தான். பளிங்கில் வண்ணக்கல் பதிக்கும் வேலை தாஜுக்கு முன்பே இங்கே எவ்வளவு நுணுக்கமாக வந்துவிட்டது என்று பார்த்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் மெஹ்தாப் பாக் கிளம்புங்கள்.

உள்ளே நுழைந்ததும் முதல் மரத்தடியிலேயே படம் எடுத்துக்கொண்டு நின்றுவிட வேண்டாம், நேராக ஆற்றோரத்துக்கே போங்கள். அங்கே ஒரு பெரிய எண்கோணக் குளத்தின் மிச்சம் இருக்கிறது. தாஜின் பிம்பம் தண்ணீரில் விழுவதற்கென்றே ஷாஜஹான் காலத்தில் அமைத்தது, இப்போது தண்ணீர் இல்லை. ஷாஜஹான் தனக்காகக் கறுப்புத் தாஜ் கட்டத் தொடங்கிய இடம் இது என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். நம்பாதீர்கள். 1990-களில் தோண்டிப் பார்த்தபோது கல்லறைக்கான அஸ்திவாரம் எதுவும் வரவில்லை, கிடைத்தது குளமும் நீரூற்றுகளும்தான்.

குளத்தின் நடுக்கோட்டுக்கு வந்து நில்லுங்கள். டெல்லியில் ஹுமாயூன் கல்லறை தோட்டத்தின் நடுவில் இருக்கும், தாஜ் மட்டும் ஏன் தோட்டத்தின் ஒரு கோடியில் ஒதுங்கியிருக்கிறது என்று தாஜைப் பார்த்தபோது தோன்றிய கேள்விக்கு இங்கேதான் பதில் கிடைக்கும். தாஜின் தோட்டமும் இந்தத் தோட்டமும் ஏறக்குறைய ஒரே அகலம், ஒரே நேர்கோடு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கல்லறை நடுப்பக்கமாக வந்துவிடுகிறது, யமுனையே தோட்டத்து வாய்க்கால் ஆகிவிடுகிறது. அவசரப்படாமல் பாருங்கள்.

அப்புறம், கரையில் முள்வேலி இருப்பதால் தண்ணீர்வரை இறங்க முடியாது. டிசம்பர், ஜனவரி காலைகளில் பனிமூட்டம் தாஜை முழுதாக மறைத்துவிடும், அந்த மாதங்களில் மாலைதான் சரி. சூரியன் மறையும்போது வெளியே அனுப்பிவிடுவார்கள், அதனால் ஒரு மணி நேரமாவது முன்னதாகவே போய்விடுங்கள்.