ஜப்பானிய வெண்கலச் சிலை: புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

மெய்ஜி காலத்து (1868–1912) வெண்கலப் புலி, யானை, பருந்து வாங்கத் தொடங்குபவர்கள் ஒரே இடங்களில்தான் திரும்பத் திரும்ப இடறுகிறார்கள். துத்தநாகத்தை வெண்கலம் என்று நம்புவதைப் பற்றி யாரும் எச்சரித்துவிடுவார்கள், அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

கனமாக இருந்தால் பழசு

இல்லை. மெழுகில் உருவம் செய்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகம் ஊற்றும் மெழுகு வார்ப்பில் நல்ல சிலைகளும் உள்ளே வெற்றிடம்தான்.

தேய்த்துப் பளபளப்பாக்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வரும். பித்தளை விளக்கைப் புளி போட்டு விளக்கிப் பழகிய கைக்கு, கருத்த சிலை அழுக்காகத்தான் தெரியும். அப்படி ஒருவர் புலி ஒன்றைத் தேய்த்துவிட்டுக் கொண்டுவந்தார். அதன் வரிகள் செதுக்கியவை அல்ல, நிறத்தால் மட்டும் வந்தவை. விரல் நுழையாத காதுக்குப் பின்னாலும் தொடையிடுக்கிலும் நாலைந்து வரி மிச்சம். முதுகு முழுக்க வெறும் உலோக மஞ்சள். விலை கேட்டார். எனக்கு வாய் வரவில்லை.

1876-இல் ஜப்பானிய அரசு வாள் அணியத் தடை போட்டதும், வாள் அணிகலன் செய்த கைவினைஞர்கள் பலர் அலங்காரப் பொருட்களுக்கு வந்தார்கள். நிறமேற்றும் வித்தையும் கூடவே வந்தது. ஷாகுடோ என்பது கொஞ்சம் தங்கம் கலந்த செம்பு, ஷிபுயிச்சி வெள்ளி கலந்தது. ரோகுஷோ என்ற செம்பு உப்புக் கரைசலில் கொதிக்கவைத்தால்தான் முன்னது நீலக்கருப்பாகும், பின்னது சாம்பல் நிறமாகும். அந்த நிறம் மேலே ஒட்டிய மெல்லிய படலம். புளியின் அமிலம் அதைக் கரைத்துவிடும். மறுபடி நிறமேற்றலாம், ஆனால் பழகிய கண் கண்டுபிடித்துவிடும், விலையும் இறங்கும்.

உலர்ந்த மென்தூரிகையால் தூசி தட்டுங்கள், போதும். பச்சைத் தூள் துடைத்த பிறகும் திரும்பத் திரும்பப் பூத்தால் உலோகப் பாதுகாப்பு நிபுணரிடம் கொடுங்கள்.

கையொப்பத்தில் தொடங்குவது

கென்ரியூசாய் சேயா போன்ற பெயர்கள் பொறித்த சிலைகளின் தரம் ஒரே சீரல்ல. முதலில் பாத அடி, நகம், வயிற்றுப்பக்க ரோமம் பாருங்கள், பெயரைக் கடைசியில் பாருங்கள். அசலிலிருந்து அச்செடுத்து வார்த்த நகலில் எழுத்து விளிம்பு மழுங்கியிருக்கும். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் உருவமும் சற்றுச் சிறுத்துவிடும்.

தந்தம்

யானைச் சிலையில் நிஜத் தந்தம் இருந்தால் இந்தியாவில் வாங்காதீர்கள், விற்காதீர்கள். சட்டம் அனுமதிக்காது.

விற்பவர் கேட்கும் விலையை மதிப்பு என்று நினைப்பது

ஏலத்தில் உண்மையில் கைமாறிய தொகையைத் தேடுங்கள். அதிலும் அதே அளவு, அதே விலங்கு, நிறம் கெடாத சிலை என்றால்தான் அந்தத் தொகையை உங்கள் சிலையோடு ஒப்பிடலாம்.