பசை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட பழைய படங்களை மீட்ட விதம்

பிளாஸ்டிக் உறையும் பசைக்கோடும் உள்ள ஆல்பத்தில் பல ஆண்டுகள் இருந்த படத்தை நகத்தால் கிளப்பினால் முனை மடங்கி, மேலுள்ள ஜெலட்டின் படலம் வெடிக்கும். அதனால் கழற்றும் முன்பே பக்கத்தை முழுசாக ஒரு போட்டோ எடுத்தேன். எந்தப் படம் எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பதும் வரலாறுதான்.

மெழுகு பூசாத பல் இடுக்கு நூலைப் படத்துக்கு அடியில் விட்டு, ரம்பம் போல மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். ஹேர் டிரையர் வேண்டாம். சூட்டில் படம் சுருளும். கண்ணாடியில் ஒட்டியதைப் பிரிக்கவே கூடாது, அப்படியே நகலெடுங்கள்.

ஸ்கேன்: 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்), டிஃப் (TIFF, தரம் குறையாமல் சேமிக்கும் கோப்பு வகை). கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரில்தான் எடுக்க வேண்டும், பழுப்பேறிய கறையும் பதிவாகும். 4×6 அங்குலப் படம் சுமார் 26 எம்பி வரும். பின்பக்கத்தையும் விடாதீர்கள், ஸ்டூடியோ முத்திரை அங்கேதான் இருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அதைப் பின்பக்கத்தில் மென்மையான பென்சிலால் ஓரமாக எழுதுங்கள். பால்பாயிண்ட் அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும்.

பெரியவர்களிடம் கதை கேட்டுப் பதிவு செய்யும்போதுதான் சொதப்பியது: “இவர்...” என்று விரலால் காட்டுகிறார்கள், ஒலியில் விரல் தெரியாது. இப்போது முதலில் பட எண்ணைச் சொல்லிவிட்டு, “இடமிருந்து மூன்றாவது ஆளா?” என்று நானே வாய்விட்டுக் கேட்கிறேன்.