கேரவனில் வீட்டு ஃபிரிட்ஜ்: மின் இணைப்பு இல்லாத இடத்தில் ஓட்டுவது எப்படி?

கேரவனில் வீட்டு ஃபிரிட்ஜைப் பொருத்தியதும் பலர் நேராகப் பேட்டரி வாங்கப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். முதலில் ஒரு நாள் அளந்து பாருங்கள்.

1. அளவு

பிளக்கில் செருகும் வாட் மீட்டர் வழியாக ஃபிரிட்ஜை 24 மணி நேரம் ஓடவிடுங்கள். வழக்கம்போல் பொருள்களை வைத்து, கதவைத் திறந்து மூடிப் புழங்க வேண்டும். காலியாக வைத்து அளந்தால் கணக்கு தப்பிவிடும். கம்ப்ரசர் ஓடும்போது 120 வாட் காட்டும் மீட்டர், அது நின்றதும் ஒன்றிரண்டு வாட்டுக்கு இறங்கும். பனி உருக்கும் ஹீட்டர் வேலை செய்யும்போது பல நூறு வாட்டுக்கு ஏறும். நமக்கு வேண்டியது நாளின் மொத்தம். அது 1.2 யூனிட், அதாவது 1,200 வாட் மணி என்று வைத்துக்கொள்வோம்.

2. இன்வெர்ட்டர்

பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றித் தருவது இன்வெர்ட்டர். அதில், வீட்டு மின்சாரம் போலவே சீரான அலையாகத் தரும் ப்யூர் சைன் வேவ் வகையையே வாங்குங்கள்; மற்ற வகையில் கம்ப்ரசர் மோட்டார் கூடுதலாகச் சூடேறும். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். அதைத் தாங்க 1,000 முதல் 1,500 வாட் திறன் கொண்டது பெரும்பாலும் போதும். எதற்கும் இருக்கட்டும் என்று 3,000 வாட்டுக்குப் போகாதீர்கள். ஃபிரிட்ஜ் ஓய்ந்திருக்கும்போதும் இன்வெர்ட்டர் தனக்கென்று மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். பெரிய இன்வெர்ட்டருக்குப் பொதுவாக அந்தச் செலவும் அதிகம். வெறும் 20 வாட்தானே என்று தோன்றும். ஒரு நாளைக்கு அது 480 வாட் மணி! புதியவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். மின்சாரத்தை மாற்றும்போது வீணாகும் 10 சதவீதத்தையும் சேர்த்தால், நம் 1,200 ஏறத்தாழ 1,800 ஆகிவிடுகிறது.

3. பேட்டரி

12.8 வோல்ட், 100 ஆம்பியர் மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 1,280 வாட் மணி இருக்கும். அதில் 80 சதவீதத்தைப் பயன்படுத்தினால், ஒரு நாளுக்கு இரண்டு பேட்டரி வேண்டும். ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் தீர்த்தால் ஆயுள் குறையும். ஆகவே அதே அளவில் மூன்று தேவை.

4. கேபிளும் ஃபியூஸும்

12 வோல்ட்டில் 1,000 வாட் எடுத்தால் கேபிளில் 80 ஆம்பியருக்கு மேல் ஓடும். தடித்த கேபிளை, முடிந்தவரை குட்டையாகப் போடுங்கள். பேட்டரியின் நேர்முனையை ஒட்டியே ஃபியூஸ் இருக்க வேண்டும். இதில் சமரசமே கூடாது. கம்ப்ரசர் ஓடும்போது மல்டிமீட்டரை முதலில் பேட்டரி முனைகளிலும், பிறகு இன்வெர்ட்டர் முனைகளிலும் வைத்துப் பாருங்கள். அங்கே 12.8, இங்கே 12.1 என்றால், கேபிள் மெலிந்தது அல்லது ஏதோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது. உடனே அணைத்துவிட்டுச் சரிசெய்யுங்கள்.

5. சோலார்

நல்ல வெயில் ஐந்து மணி நேரம் கிடைக்கும் இடத்தில், இழப்புகளையும் கழித்துப் பார்த்தால், 1,800 வாட் மணிக்கு 500 வாட் பேனலாவது வேண்டும். பேனலின் ஒரு மூலையில் மர நிழல் விழுந்தாலே உற்பத்தி வெகுவாகச் சரியும். வண்டியை நிறுத்தும்போதே அதைக் கவனியுங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய நாளே, வீட்டு மின்சாரத்தில் ஃபிரிட்ஜை நன்றாகக் குளிரவைத்துவிடுங்கள். முதல் இரவு படுக்கும்போதும் விடிந்ததும் பேட்டரி சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எதிர்பார்த்ததைவிட அதிகம் குறைந்திருந்தால், முதலில் ஃபிரிட்ஜின் பின்புறம் காற்றோட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.