காவல் கொட்டிலில் ஆன்மாவை ஆராயும் முறை

சைவநெறித் தாளில் 'ஆன்மா அழிவற்றது, அறிவுடையது' என்று எழுதிப் புள்ளி வாங்கிய பிள்ளையிடம், உனக்குள் அது எது என்று கேட்டால் நெஞ்சைத் தொட்டுக் காட்டும். பெரியவர்களாகிய நாமும் அநேகமாக அங்கேதான் தொடுகிறோம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்ட தேவர் அருளிய சைவ சித்தாந்த நூலாகிய சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களுள் மூன்றாவது இந்தக் கேள்விக்கென்றே அமைந்தது. அதனை மனனம் செய்வதோடு நிறுத்தாமல் தனக்குள் சோதித்துப் பார்க்க, இலங்கையின் வன்னியில் நெல் கதிர் தள்ளிய பின் இரவுக் காவல் இருக்கும் கொட்டிலைவிடத் தோதான இடம் இல்லை.

அந்தச் சூத்திரத்தில் வரும் 'எனது உடல்' என்ற சொல்லிலிருந்து தொடங்குங்கள். 'என் மண்வெட்டி' என்பவர் மண்வெட்டி ஆகமாட்டார். இதனைச் சொல்விளையாட்டு என்று ஒதுக்குபவர்கள், போரில் காலை இழந்த ஒருவருடன் சற்று நேரம் இருந்து பார்க்கலாம். பொய்க்காலைக் கழற்றிக் கொட்டில் கப்பில் சாத்திவிட்டு, 'என்ர கால் மாத்தளனில போச்சு' என்று அவர் சொல்லும்போது, போனது கால். 'என்ர' என்பவர் அப்படியே இருக்கிறார்.

அடுத்தது புலன்கள். தூரத்து வயலில் யாராவது யானையை விரட்ட யானைவெடி கொளுத்தினால் முதலில் ஒளி தெரியும், பிறகுதான் ஓசை வரும். கண் ஓசையை அறியாது, காது ஒளியை அறியாது. இரண்டும் ஒரே வெடியினுடையவை என்று சேர்த்து அறிவது எதுவோ, அதனை நாடுங்கள்.

மூச்சே உயிர் என்ற எண்ணம் எளிதில் விடாது. 'கண்படின் உண்டிவினை இன்மையின்' என்பது அதற்குச் சூத்திரம் தரும் விடை: அறிவது மூச்சே என்றால், உறக்கத்திலும் அது ஓடுவதால் உண்ணலும் தொழிலும் அப்போதும் நிகழவேண்டும். சென்ற பெரும்போக நெற்செய்கையில் நான் அயர்ந்துபோன ஒரு சாமத்தில் யானைகள் வரம்பு தாண்டி இறங்கிக் கதிரைத் தின்றுவிட்டுப் போயின. மூச்சு ஒழுங்காகவே ஓடியிருக்கிறது. அது ஒன்றையும் அறியவில்லை. (வீட்டுக்காரி இந்த விளக்கத்தை ஏற்றுக்கொள்ளவில்லை.)

இவ்வாறு ஒவ்வொன்றாக 'இதுவன்று' எனக் கழித்துவர, ஈற்றில் ஒன்றுமே இல்லைப்போலும் என்று தோன்றும். அந்த 'இல்லை'யைச் சொல்வது எது என்று உடனே திரும்பிப் பாருங்கள். 'உளது இலது என்றலின்' என்று சூத்திரம் தொடங்குவது அதனைக் காட்டவே.

கழித்தபின் எஞ்சும் அறிவே பிரமம் என்று அத்துவைதம் கூறும். சித்தாந்தம் அதற்கு உடன்படாமல் 'உணர்த்த உணர்தலின்' என்கிறது. அமாவாசை இருட்டில் கண்ணை நன்றாக விழித்திருங்கள்: கண்ணில் பழுதில்லை, வயல் தெரியாது. டோர்ச்சை அடித்ததும் தெரியும், ஆயினும் வெளிச்சமும் கண்ணும் ஒன்றாகிவிடவில்லை. அவ்வாறே இறைவன் அறிவிக்க அறிவது ஆன்மா. ஆதலால் பசு எனப்படும் ஆன்மா, பதி எனப்படும் இறைவன் ஆகாது. இந்த வேறுபாட்டில்தான் கூடிய நேரம் செலவிட வேண்டும் என்பது என் கருத்து.

ஓர் இரவுக்கு ஒரு சோதனை போதும். உறக்கத்தைப் பற்றியதை மட்டும், துணைக் காவலுக்கு ஆள் வரும் இரவுக்கு ஒதுக்கி வையுங்கள்.