புயலுக்குப் பின் வரும் வெளியூர் ஊழியர்கள்: நன்றி காட்டுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. அன்று சேதமடைந்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். உள்ளூர் ஊழியர்களை மட்டும் நம்பியிருந்தால் அந்த மாவட்டங்கள் எத்தனை மாதம் இருளில் கிடந்திருக்குமோ தெரியாது. தமிழகத்தின் மற்ற மாவட்டங்களிலிருந்து மின் ஊழியர்கள் வந்து இறங்கினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் பெருவெள்ளத்தில் சிக்கி மீண்ட கேரளத்திலிருந்தும் மின் வாரியக் குழுக்கள் வந்தன. சம்பாப் பயிர் நிற்கும் சேற்று வயலுக்குள் லாரி இறங்காது. கம்பங்களை ஆட்கள் தோளில் சுமந்து, வரப்பிலும் சேற்றிலும் நடந்துதான் கொண்டுபோக வேண்டியிருந்தது. தன் வீட்டையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு, முன்பின் பார்த்திராத ஊரின் இருட்டைப் போக்க வந்தவர்கள் அவர்கள்.

இப்படி வருகிறவர்கள்மீது மக்களுக்கு அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் அந்த அன்போடு கூடவே நாம் செய்யும் சில காரியங்கள் அவர்கள் வேலையைக் கெடுக்கின்றன. சில அவர்கள் உயிருக்கே உலை வைக்கின்றன.

எல்லாவற்றிலும் கொடியது ஜெனரேட்டர் விஷயத்தில் நடக்கும் தவறு. மின்சாரம் இல்லாத நாட்களில் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, அதன் வயரை வீட்டிலுள்ள ஒரு பிளக் பாயிண்டில் செருகிவிடுகிறார்கள். மெயின் சுவிட்சை அணைக்காமல் இப்படிச் செய்தால், அந்த மின்சாரம் மீட்டர் வழியாகத் தெருக் கம்பிக்குப் போகும். அங்கிருந்து டிரான்ஸ்ஃபார்மருக்குள் தலைகீழாக நுழைந்தால் 230 வோல்ட்டாகப் போனது மறுபக்கம் 11,000 வோல்ட்டாக வெளியே வரும். துணை மின் நிலையத்தில் சப்ளையை நிறுத்தி, லைன் கிளியர் (கம்பியில் மின்சாரம் இல்லை, வேலை செய்யலாம் என்ற அனுமதி) வாங்கிய பிறகு கம்பத்தில் ஏறியவர் அந்தக் கம்பியில் கை வைப்பார். எந்த வீட்டிலிருந்து மின்சாரம் வந்தது என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. வெளியூர்க்காரருக்கு எந்தத் தெருவில் யாரிடம் ஜெனரேட்டர் இருக்கிறது என்பதும் தெரியாது. வீட்டு இணைப்பைத் தெருக் கம்பியிலிருந்து துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் முறையான சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாத வீட்டில், ஃபிரிட்ஜ், ஃபேன் போன்றவற்றை நேரடியாக ஜெனரேட்டரில் மட்டுமே இணைக்க வேண்டும். உங்கள் வீட்டில் ஜெனரேட்டர் இருந்தால் குழு தெருவுக்குள் வந்தவுடன் போய்ச் சொல்லிவிடுங்கள். மாலை மரியாதையெல்லாம் இதற்குப் பிறகுதான்.

அடுத்தது, ‘எங்கள் தெருவுக்கு முதலில் கொடு’ என்று மறிப்பது. கஜாவுக்குப் பிறகு பல ஊர்களில் சாலை மறியல் நடந்தது. குடிநீரும் நிவாரணமும் கிடைக்காதவர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் சாலையில் நின்ற வாகனங்களுக்குள் கம்பமும் கம்பியும் ஏற்றிய லாரி மாட்டிக்கொண்டால் நட்டம் யாருக்கு? மின்சாரம் ஒரு வரிசையில்தான் திரும்பி வரும். முதலில் உயரழுத்தப் பாதைகளும் துணை மின் நிலையங்களும் சரியாக வேண்டும். பிறகு துணை மின் நிலையத்திலிருந்து டிரான்ஸ்ஃபார்மர்களுக்குப் போகும் 11 கிலோவோல்ட் பாதையான ஃபீடர், அதன் பிறகு டிரான்ஸ்ஃபார்மர், கடைசியில்தான் தெருக் கம்பியும் வீட்டு இணைப்பும். ஃபீடர் உயிர் பெறாமல் உங்கள் வாசலில் பத்துக் கம்பம் நட்டாலும் ஒரு விளக்கும் எரியாது. மருத்துவமனைக்கும் குடிநீர் மோட்டாருக்கும் முன்னுரிமை கொடுப்பதும் முறைதான். பக்கத்துத் தெருவில் வெளிச்சம் வந்து நம் தெருவில் வரவில்லையென்றால் பெரும்பாலும் அது வேறு டிரான்ஸ்ஃபார்மராக இருக்கும். அதைப் பாரபட்சம் என்று எடுத்துக்கொண்டு, இந்த வரிசையை முடிவு செய்யும் இடத்தில் இல்லாத ஓர் ஊழியரின் சட்டையைப் பிடிப்பது பெரிய அநியாயம். கேள்வி கேட்க வேண்டிய இடம் மின் வாரிய அலுவலகம்.

சாப்பாட்டு விஷயத்தில் நம் ஊர்கள் கஞ்சத்தனம் காட்டுவதில்லை. புயலில் கூரை போன வீட்டிலிருந்துகூட ஒரு சொம்பு மோராவது வந்துவிடும். ஆனால் மதியச் சாப்பாட்டை நான்கு வீடுகள் கொண்டுவருகின்றன, இரவுக்கு யாரும் இல்லை. காலையில் கட்டிய பொட்டலம் மாலை வரை வெயிலில் கிடக்கிறது. அதைச் சாப்பிட்டு ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அந்தக் குழுவின் வேலை பாதியாகிவிடும். ஊரில் நான்கு பேர் கூடிப் பேசி, யார் எந்த வேளைக்கு என்று பிரித்துக்கொண்டால் போதும். சாப்பாட்டைவிட அவர்களுக்கு அதிகம் தேவைப்படுவதைக் கேட்கக் கூச்சப்படுவார்கள்: கொதிக்கவைத்து ஆறிய குடிநீர், கழிவறை, குளிக்க ஒரு இடம், நனைந்த துணியைக் காயப்போடக் கூரை, வீட்டோடு பேச போனுக்குச் சார்ஜ். பள்ளிக்கூடத் தரையிலோ கல்யாண மண்டபத்திலோ படுப்பவருக்கு ஒரு பாயும் கொசுவத்திச் சுருளும் கொடுத்துப் பாருங்கள். மறுநாள் காலையில் அவர் எழும் முகமே வேறாக இருக்கும்.

ஒன்றை மட்டும் கொடுக்கவே கூடாது. ‘உழைத்துக் களைத்திருக்கிறார்கள்’ என்று சாயங்காலம் மதுப் புட்டி வாங்கிக் கொடுக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. மறுநாள் விடிந்ததும் அவர் கம்பத்தில் ஏறப் போகிறார். பணம் வசூலித்துத் தருவதும் வேண்டாம். பணம் தந்த தெருவுக்கு முதலில் வேலை நடந்தது என்ற பேச்சு உடனே கிளம்பும், அதன் பழி வந்தவர்மீதுதான் விழும்.

உதவி செய்கிறோம் என்று அறுந்த கம்பியைச் சுருட்டி ஓரமாகப் போடுவதும் அப்படித்தான். சப்ளை இல்லை என்று நாம் நினைப்பது வேறு, உண்மையிலேயே இல்லாதிருப்பது வேறு. கம்பியின்மேல் சாய்ந்த தென்னையை நாமே வெட்டினால், இழுபட்டிருந்த கம்பி விடுபட்டு விசிறி அடிக்கும், பக்கத்துக் கம்பமும் சேர்ந்து சாயும். கம்பியைத் தொடாமல் கிடக்கும் மரங்களை அகற்றி லாரிக்குப் பாதை விடுங்கள். ஊரை அறிந்த ஒருவர் நாள் முழுக்கக் குழுவோடு நடந்தால் அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. எந்த டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து எந்தத் தெருவுக்குக் கம்பி போகிறது, வாய்க்காலை எங்கே கடக்கலாம், எந்தத் தோப்புக்குள் கம்பம் மறைந்து கிடக்கிறது என்பதெல்லாம் வெளியூர்க்காரருக்கு எப்படித் தெரியும்? கேரளத்திலிருந்து வந்தவர் என்றால் மொழிக்கும் ஓர் ஆள் வேண்டும். கம்பத்தின்மேல் இருப்பவரைக் கீழிருந்து கூப்பிட்டுப் படம் எடுக்காதீர்கள். இறங்கி வந்து தண்ணீர் குடித்த பிறகு, கேட்டுவிட்டு எடுக்கலாம்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, நன்றியிலும் நாம் ஆள் பார்ப்பது. அதிகாரிக்குச் சால்வை, குழி தோண்டிய ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒன்றுமில்லை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு வெவ்வேறு மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் அழைத்துவரப்பட்டார்கள். மலைபோல் குவிந்த குப்பையையும் சேற்றையும் அள்ளிய அவர்களில் பலர் கையுறையும் காலணியும் இல்லாமல் வேலை செய்ததை அப்போதைய செய்திகளும் படங்களும் காட்டின. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போதும் வெளியூர்ப் பணியாளர்கள் வந்து தெருக்களைச் சுத்தம் செய்தார்கள். தான் குடிக்கும் டம்ளரில் அவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கத் தயங்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்தத் தயக்கத்தை வைத்துக்கொண்டு ‘களத்தில் நிற்கும் வீரர்களுக்கு வணக்கம்’ என்று எழுதுவதில் பொருளே கிடையாது. ஒரு ஜோடி ரப்பர் கையுறை, ஒரு சோப்பு, உட்கார ஒரு நாற்காலி, கூப்பிடும்போது ‘அண்ணே’, ‘அக்கா’ என்ற சொல். இவை எந்த ஊரிலும் கிடைக்கும்.

கடைசியாக, வெளிச்சம் வந்த அன்றே அவர்களை மறந்துவிடுவது. எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் தேதிகளில் எந்தத் தெருவில் வேலை செய்தார்கள் என்று குறித்துவைத்து, அவர்களுடைய மின் வாரிய வட்டத்தின் மேற்பார்வைப் பொறியாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தூய்மைப் பணியாளர் என்றால் அவர்களுடைய நகராட்சி ஆணையருக்கு. ஊராட்சித் தலைவரின் கையெழுத்தும் இருந்தால் நல்லது. ஒப்பந்தத் தொழிலாளர்களின் பெயர்களைக் கேட்டு, எழுத்துப் பிழையில்லாமல் அதில் சேர்த்துவிடுங்கள். வேலைச் சான்று கேட்டு அவர்கள் ஒருநாள் எங்காவது நிற்க நேர்ந்தால், காட்ட அந்தக் கடிதம் ஒன்றுதான் இருக்கக்கூடும். அதன் நகல் ஒன்றை அவர்கள் கிளம்புவதற்கு முன் கையில் கொடுத்துவிடுங்கள்.