மவுஸ் மக்கர் செய்தால் நம்பர் பேடு போதும்

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், இரவு மணி பத்து, ஒயர்லெஸ் மவுஸில் பேட்டரி தீர்ந்துவிட்டது. அந்த நேரத்தில் வேலூரில் காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் திறந்திருக்கும் கடையைத் தேடி அலைய வேண்டாம். விண்டோஸ் 95-லிருந்தே கூடவே வரும் ‘மவுஸ் கீஸ்’ என்ற வசதி இருக்கிறது. அதை ஆன் செய்தால் கீபோர்டின் வலது ஓரத்து நம்பர் பேடே மவுஸ் ஆகிவிடும். மேல் வரிசை எண்கள் இதற்கு உதவாது.

முதலில் ஆன் செய்வோம். இடதுபக்க ஆல்ட், இடதுபக்க ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு நம்லாக்கைத் தட்டுங்கள். வலதுபக்க ஆல்ட், ஷிஃப்ட் வைத்து முயன்றால் ஒன்றும் நடக்காது. பலர் தோற்பது இங்கேதான். ‘மவுஸ் கீஸை ஆன் செய்யலாமா?’ என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி கேட்கும். ‘யெஸ்’ தேர்வாகியிருந்தால் என்டர் தட்டுங்கள், இல்லையென்றால் டேப் அழுத்தி அதற்குப் போய்த் தட்டுங்கள். தமிழ், ஆங்கிலம் இரண்டு கீபோர்டும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: நம்லாக் சரியாக விழாமல் ஆல்ட், ஷிஃப்ட் மட்டும் அழுந்தினால் மொழி மாறிவிடும். அப்படி ஆனால் அதே இரண்டையும் இன்னொரு முறை அழுத்துங்கள், பழைய மொழி திரும்பும்.

பெட்டியே வரவில்லையா? விண்டோஸ் விசையைத் தட்டி, ஆங்கிலத்தில் ‘மவுஸ் கீஸ்’ என்று டைப் செய்து என்டர் கொடுங்கள். திறக்கும் பக்கத்தில் டேப் அழுத்திச் சுவிட்சுக்குப் போய் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆன் ஆகும். மவுஸைக் கழற்றியதும் திரையிலிருந்து அம்புக்குறியே மறைந்துபோன கணினிகளிலும், இதை ஆன் செய்தால் பெரும்பாலும் அது திரும்பி வந்துவிடும்.

நகர்த்துவது சுலபம். 8 மேலே, 2 கீழே, 4 இடம், 6 வலம். மூலைவாட்டில் போக 7, 9, 1, 3. விசையை விடாமல் பிடித்திருந்தால் மெதுவாகக் கிளம்பி வேகம் பிடிக்கும். கன்ட்ரோலைச் சேர்த்துப் பிடித்தால் இன்னும் வேகம். ஷிஃப்ட் சேர்த்தால் நத்தை நடை. இது நடக்கவில்லை என்றால் மேலே சொன்ன அதே பக்கத்தில் இதற்கென்று இருக்கும் பெட்டியை டிக் செய்ய வேண்டும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கோடும் அங்கேதான் இருக்கிறது. கை நடுக்கம் உள்ளவர்களுக்கு வேகத்தைக் குறைத்தே வைத்துக் கொடுங்கள். மவுஸைப் பிடிக்க முடியாதவர்களுக்காக வந்த வசதிதான் இது, நமக்குப் பேட்டரி தீர்ந்தால் உதவுவது உபரி லாபம். பாகாயத்தில் 1966-லிருந்து சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு நிலையம் இருக்கும் ஊரில் இதை விளக்கவே வேண்டாம்.

குழப்பம் கிளிக்கில்தான். 5-ஐத் தட்டினால் கிளிக், + தட்டினால் இரட்டைக் கிளிக். ஆனால் எந்தப் பொத்தானின் கிளிக் என்பதை வேறு மூன்று விசைகள் முடிவு செய்கின்றன: / என்றால் இடது, - என்றால் வலது, * என்றால் இரண்டும் சேர்ந்து. ஒருமுறை - தட்டிவிட்டால், நீங்கள் மாற்றும்வரை 5 வலது கிளிக்காகவே இருக்கும். ‘எங்கே தட்டினாலும் மெனு விரிகிறதே’ என்றால் காரணம் இதுதான். / தட்டிவிட்டு மறுபடி 5 தட்டுங்கள். திரையின் கீழ் வலது மூலையில் வரும் சின்ன மவுஸ் படத்தைப் பார்த்தால் இப்போது எந்தப் பொத்தான் என்று தெரியும்.

இழுப்பதற்கு 0-வும் புள்ளி விசையும். விண்ணப்பத்தில் போட்டோவை வெட்டும் கட்டத்தைச் சரிசெய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்புக்குறியைக் கட்டத்தின் மூலைக்குக் கொண்டுபோய் / தட்டுங்கள். பிறகு 0 தட்டினால் மூலை பிடிபட்டுவிடும், அழுத்திப் பிடித்திருக்கத் தேவையில்லை. 3 அல்லது 7 வைத்து இழுங்கள். கடைசி நூலளவுக்கு ஷிஃப்ட் சேர்த்துக்கொள்ளுங்கள்; மவுஸில் கூட இவ்வளவு துல்லியம் வராது. இடம் சரியானதும் புள்ளியைத் தட்டி விடுவியுங்கள். இதை மறந்தால் போகும் இடமெல்லாம் கட்டமும் கூடவே வரும்.

இனி நம்லாக். வழக்கமான அமைப்பில் நம்லாக் எரியும்போதுதான் நம்பர் பேடு மவுஸாக இருக்கும், அணைத்தால் அம்பு விசைகளாகிவிடும். இரண்டிலும் எண் விழாது! ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் கம்பெனிகளில் நாள் முழுக்கக் கணக்கு அடிப்பவர்களுக்கு இது சரிப்படாது. மேலே சொன்ன மவுஸ் கீஸ் பக்கத்தில் ‘நம்லாக் ஆன் ஆக இருக்கும்போது பயன்படுத்து’ என்று ஆங்கிலத்தில் இருக்கும் தேர்வை அணைத்துவிடுங்கள். பிறகு நம்லாக் எரிந்தால் எண், அணைந்தால் மவுஸ். நம்லாக்கை மட்டும் மாற்றி மாற்றித் தட்டினால் போதும்.

14 அங்குல மடிக்கணினிகள் பலவற்றில் நம்பர் பேடே கிடையாது. யு.எஸ்.பி.யில் சொருகும் தனி நம்பர் பேடு ஒன்றோ முழு அளவுக் கீபோர்டு ஒன்றோ வாங்கி வைப்பதுதான் வழி.

எல்லாவற்றுக்கும் அம்புக்குறியை ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள், கை ஓய்ந்துபோகும். ஜன்னல் மாற்ற ஆல்ட் டேப், மூட ஆல்ட் எஃப்4, வலது கிளிக் மெனுவுக்கு ஷிஃப்ட் எஃப்10. படிவத்தின் கட்டங்களுக்கு டேப். டேப் போய்ச் சேராத இடத்துக்கு மட்டும் நம்பர் பேடு. வேலை முடிந்ததும், ஆன் செய்த அதே மூன்று விசைகளை (இடதுபக்க ஆல்ட், இடதுபக்க ஷிஃப்ட், நம்லாக்) அழுத்தினால் மவுஸ் கீஸ் அணைந்துவிடும்.