டேலிலி மறுபடி பூக்க மறுப்பது ஏன்? நான் செய்த தவறுகளும் பார்த்த தவறுகளும்

நியூ ஜெர்சியில் வீடு வாங்கிக் குடிபோன முதல் வசந்தத்தில் வாசல் நடையோரம் ஆறு டேலிலிச் செடிகள் வைத்தேன். தொட்டியில் செருகியிருந்த அட்டையில் 'மீண்டும் மீண்டும் பூக்கும்' என்று போட்டிருந்தது. ஜூனில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துத் தள்ளின. ஜூலை நடுவில் நின்றன. அக்டோபரில் உறைபனி விழும்வரை வெறும் புல்தான். அட்டை நம்மை ஏமாற்றிவிட்டது என்று இரண்டு வருடம் திட்டிக்கொண்டிருந்தேன்.

செடி எப்படிப் பூக்கிறது என்று தெரிந்தபிறகுதான் கோபம் தணிந்தது. டேலிலியின் இலைகள் தரையிலிருந்து விசிறி போல விரிந்து வரும். அந்த விசிறியின் நடுக்குருத்து பூந்தண்டாக எழும்பிவிட்டால் அதன் வேலை முடிந்தது. நம்ம வாழை குலை தள்ளுகிற கதைதான். இனி அடுத்த தண்டு வேண்டுமென்றால் பக்கத்தில் புதுக்குருத்து கிளம்பி, அதுவும் வளர்ந்து பருவத்துக்கு வர வேண்டும். சாதாரண டேலிலி இதற்கு அடுத்த வருடம்வரை எடுத்துக்கொள்ளும். மறுபூப்பு ரகம் அதே கோடையில் முடித்துவிடும், தண்ணீரும் வெயிலும் சத்தும் கிடைத்தால். ஒரு பூவுக்கு ஆயுள் ஒரே பகல் என்பதால், தண்டுகள் அடுத்தடுத்து வராவிட்டால் தோட்டம் சட்டென்று காலியாகிவிடும்.

இதைப் புரிந்துகொண்டால் முதல் தவறு எதுவென்று தானே தெரியும்: முதல் பூப்பு முடிந்ததும் செடியை மறந்துவிடுவது. ஜூனில் தினமும் தண்ணீர் ஊற்றுவோம், படம் எடுத்து ஊருக்கு அனுப்புவோம். பூ நின்றதும் குழாயைச் சுருட்டி வைத்துவிட்டு விடுமுறைக்குக் கிளம்பிவிடுவோம். செடிக்குத் தாகம் எடுப்பது அப்போதுதான். ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் மழை பெய்யாத வாரங்களில் ஒரு அங்குல மழைக்குச் சமமான தண்ணீர் வேரடி நனைய இறங்க வேண்டும். தினமும் மேலாகத் தெளிப்பதைவிட வாரம் ஒன்றிரண்டு முறை ஆழமாக ஊற்றுவது மேல். மண் காய்ந்தால் பக்கக்குருத்து அப்படியே தூங்கிவிடும்.

அடுத்தது காய். வாடிய பூவைக் கிள்ளுகிறோம் என்று பலர் இதழை மட்டும் உருவி எடுக்கிறார்கள். அடியில் இருக்கும் பச்சை முண்டு, அதாவது சூலகம், தண்டிலேயே தங்கிவிடுகிறது. அது காயாகி விதை முற்றவைக்கும். புதுக்குருத்துக்குப் போக வேண்டிய சத்தை அது வாங்கிக்கொள்ளும். முண்டோடு சேர்த்து ஒடித்துவிடுங்கள். தண்டில் மொட்டெல்லாம் தீர்ந்தபிறகு தண்டையும் அடியோடு நறுக்கலாம். ஆனால் இலையைத் தொடாதீர்கள். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று பச்சை இலையை மொட்டையடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சமைக்கிற அடுப்பையே அணைக்கிற வேலை அது. பழுத்து உலர்ந்த இலையை மட்டும் இழுத்தெடுத்தால் போதும்.

உரத்தில் நான் செய்தது பெரிய கூத்து. புல்தரைக்குப் போடும் உரம் மிச்சமிருந்தது என்று டேலிலிக்கும் தூவினேன். அதில் தழைச்சத்துதான் தூக்கல். இடுப்புயரத்துக்கு இலை வந்தது, தண்டு வரவில்லை. இப்போது வசந்தத்தில் குருத்து எழும்போது ஒரு தடவை, முதல் பூப்பு முடிந்ததும் ஒரு தடவை, நன்றாக மக்கிய கம்போஸ்டோ எல்லாச் சத்தும் கலந்த உரமோ கொஞ்சமாக வைக்கிறேன். அதற்குமேல் ஒன்றுமில்லை.

வெயில் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஆறு மணி நேரத்துக்குக் குறைந்தால் உயிரோடு இருக்கும், மறுபடி பூக்காது. கருஞ்சிவப்பு ரகங்கள் மட்டும் விதிவிலக்கு; கடும் மாலை வெயிலில் அவற்றின் இதழ் வெந்து துவண்டுவிடும். காலை வெயில் அடிக்கும் பக்கம் வையுங்கள்.

பெயரில் லில்லி இருப்பதால் வரும் குழப்பங்கள் இரண்டு. லில்லிக் கிழங்கைப் போல இதையும் ஆழமாகப் புதைப்பது ஒன்று. டேலிலிக்கு வெங்காயம் மாதிரியான கிழங்கு கிடையாது. தடித்த வேர்களும், அவை இலையோடு சேரும் கழுத்தும்தான். அந்தக் கழுத்து மண்ணுக்கு ஒரு அங்குலம் கீழே இருந்தால் போதும். ஆழம் போனால் பூ குறையும், அழுகவும் செய்யும். மண்மேல் சருகு பரப்பி மூடாக்கு போடும்போதும் கழுத்தைச் சுற்றிக் குவிக்காதீர்கள். மற்றொன்று இதைவிட முக்கியம்: உண்மையான லில்லி இல்லையே, வீட்டுப் பூனைக்கு ஒன்றும் ஆகாது என்று நினைப்பது. லில்லியைப் போலவே டேலிலியும் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையே எடுக்கும். கொஞ்சம் மென்றிருந்தாலும் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும்.

ரகம் தேர்வதில் நடக்கும் தவறைப் பற்றி ஏனோ யாரும் அதிகம் பேசுவதில்லை. ஃபுளோரிடாவில் உருவாக்கிய ரகம் அங்கே நீண்ட வெயில் காலத்தில் இரண்டு மூன்று முறை பூத்திருக்கும். அதை வைத்தே அட்டையில் 'மறுபூப்பு' என்று எழுதுவார்கள். நம் குட்டைக் கோடையில் அதே செடி ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டால் அதைக் குற்றம் சொல்ல முடியாது. குளிர்ப் பிரதேசத்தில் உருவான ரகங்களைத் தேடுவது நல்லது. இந்தியானாவில் வால்டர் ஜப்லோன்ஸ்கி உருவாக்கிய 'ஸ்டெல்லா டி ஓரோ' 1975ல் பதிவானது. 1985ல் டேலிலிக்கான உச்ச விருதான ஸ்டௌட் வெள்ளிப் பதக்கம் வாங்கியது. ஒரு அடி உயரம்கூட வராத செடி. அதன் பொன்மஞ்சள் கண்ணை உறுத்துகிறது என்பவர்களுக்கு, அதன் வாரிசாக டாரல் ஆப்ஸ் 1986ல் பதிந்த 'ஹாப்பி ரிட்டர்ன்ஸ்' இருக்கிறது. இளமஞ்சள். எனக்கு இதுதான் பிடித்தம். ஊரில் சென்னை மாதிரி வெப்பமான இடத்தில் வைக்க விரும்புகிறவர்கள் இதற்கு நேர்மாறாக யோசிக்க வேண்டும்: குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கும் ரகங்களுக்கு அந்தத் தூக்கம் தேவை, அது கிடைக்காமல் நலிந்துபோகும். ஆண்டு முழுக்கப் பசுமையாக நிற்கும் ரகம்தான் அங்கே சரிப்படும்.

மூன்று நான்கு வருடத்தில் தூர் பெருத்து, நடுவில் நெருக்கியடித்துக்கொள்ளும். நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் கலைக்க வேண்டும் என்று விட்டுவிடுவதுதான் வழக்கம். நானும் ஆறு வருடம் விட்டேன். கடைசியில் ஓரத்து விசிறிகள் மட்டும் பூத்தன. முழுத் தூரையும் தோண்டி எடுத்து, மண்ணை உதறி, இரண்டு மூன்று விசிறி கொண்ட துண்டுகளாகப் பிரித்து, இலையை அரையடிக்கு வெட்டி, ஒன்றரை அடி இடைவெளியில் நடுங்கள். வசந்தத் தொடக்கத்திலோ பூப்பு முடிந்த பிறகோ செய்யலாம். உறைபனிக்கு ஆறு வாரமாவது இருக்க வேண்டும், வேர் பிடிக்க. பிரித்த வருடம் மறுபூப்பை எதிர்பார்க்காதீர்கள். விதை போட்டு அதே ரகத்தைப் பெருக்கப் பார்ப்பது வீண். கலப்பினம் தாயைப் போல வராது.

இலையின் அடிப்பக்கம் மஞ்சள் தூள் கையில் ஒட்டினால் அது துரு நோய் என்ற பூஞ்சை. 2000ம் ஆண்டில்தான் அமெரிக்காவுக்குள் வந்தது. எங்கள் பக்கம் குளிரில் இலை முழுக்கச் செத்துவிடுவதால் பெரும்பாலும் அதோடு போய்விடும். வெப்பமான ஊர்களில் பச்சை இலையிலேயே தங்கிக்கொள்ளும். எங்கிருந்து வாங்கினாலும் புதுச்செடியைச் சில வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டு இறக்குங்கள். மாலையில் இலைமேல் தண்ணீர் அடிப்பதையும் நிறுத்துங்கள், ஈர இலையில்தான் அது முளைக்கும்.

இதையெல்லாம் சரியாகச் செய்தபிறகு, முன்பே பிரித்து நட்டிருந்த தூர்களில் போன ஆகஸ்டில் ஒன்பது புதுத்தண்டுகள் எண்ணினேன். மொட்டு பருத்து, நாளைக் காலை விரியும் என்று படுக்கப் போனேன். விடிந்து பார்த்தால் ஒன்பது தண்டும் மொட்டையாக நின்றன. பாத்தியின் ஈரமண்ணில் மான் குளம்புத் தடம். இந்த வருடம் வலை கட்டியிருக்கிறேன்.